ஒரே காலில் இரண்டு விரல்கள் மட்டும் மரத்துப் போவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நாட்கள் சைக்கிள் ஓட்டி வருகிறேன். விடுமுறை நாட்களில் 60 கிலோமீட்டர் வரை போவதுண்டு. எட்டு மாதங்களுக்கு முன்பு பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவுக்கு மாறினேன். அதன் பிறகு, கிளம்பிச் சுமார் 40 நிமிடங்களில் வலது காலின் மூன்றாவது, நான்காவது விரல்கள் மரத்துப் போகின்றன. முதலில் விரலுக்கு அடியில் காகிதம் ஒட்டியிருப்பது போல் இருக்கும். பிறகு விரல்கள் இருப்பதே தெரியாது. அதற்கு மேலும் ஓட்டினால் முன்பாதம் எரியும். வண்டியை நிறுத்தி ஷூவைக் கழற்றினால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. உடன் ஓட்டும் நண்பர்கள் சொன்னதைக் கேட்டு ஓர் அளவு பெரிய ஷூ வாங்கினேன். அதிலும் அப்படியேதான் இருக்கிறது. பெரிய ஷூவில் கால் நழுவுவதால் பட்டைகளை நன்றாக இறுக்கிப் போடுகிறேன். பெரிய கியரில் நிதானமாக மிதிப்பது என் பழக்கம். என் தந்தைக்குச் சர்க்கரை நோய் இருந்தது. எனக்கும் அதுதான் தொடங்குகிறதோ என்ற பயம் இருக்கிறது. இன்னொரு ஷூ வாங்க வேண்டுமா, நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பயந்து எழுதிய வரியைவிட, பயமில்லாமல் போகிறபோக்கில் எழுதிய வரிகளே எனக்கு அதிகம் உதவின. வலது கால் மட்டும், அதிலும் குறிப்பிட்ட இரண்டு விரல்கள் மட்டும், கிளம்பி 40 நிமிடங்கள் ஆன பிறகு மட்டும் வந்து, ஷூவைக் கழற்றிய ஐந்து நிமிடத்தில் சுவடில்லாமல் விலகிவிடுகிற மதமதப்பு, முன்பாதத்தில் ஏதோ ஓரிடத்தில் ஒரு நரம்பு நசுங்குகிறது என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு இப்படி நடந்துகொள்வதில்லை. அது பொதுவாக இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி விரல் நுனிகளில் தொடங்கி, காலுறை போடும் பகுதி முழுவதும் மெல்ல மேலேறும். இரவில் படுத்த பிறகு தொந்தரவு கூடும். ஷூவைக் கழற்றியதற்காக அது விலகிப் போகாது. ஆயினும் உங்கள் வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை தேவைதான். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். இயன்முறை மருத்துவராக இருந்துகொண்டு, சைக்கிளை உடலுக்குப் பொருத்தித் தரும் வேலையையும் சேர்த்துச் செய்து வருகிற அனுபவத்தில், உங்கள் முதல் கேள்விக்கான பதிலை உடனே சொல்லிவிடலாம்: இன்னொரு ஷூ வாங்காதீர்கள், குறைந்தது மூன்று வாரங்களுக்கு.

அந்த இரண்டு விரல்கள் மட்டும் ஏன் என்பதற்குப் பாதத்தின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. நடுப்பாதத்திலிருந்து விரல்களை நோக்கி ஐந்து நீண்ட எலும்புகள் போகின்றன. மெட்டாடார்சல் எனப்படும் அவற்றின் முனைகள்தான், வெறுங்காலோடு தரையில் நிற்கும்போது விரல்களுக்குச் சற்றுப் பின்னால் குமிழ்களாக அழுந்துகின்றன. இந்தக் குமிழ்களைக் குறுக்காக ஒரு தசைநார்ப் பட்டை பிணைத்திருக்கிறது. விரல்களுக்கு உணர்ச்சி தரும் நரம்புகள் அந்தப் பட்டைக்கு அடியில், குமிழ்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாகவே விரல்களைச் சென்றடைய வேண்டும். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு இடையிலுள்ள சந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளங்காலின் உட்பக்கமாக வரும் நரம்பின் கிளையும் வெளிப்பக்கமாக வரும் நரம்பின் கிளையும் பலருக்கு அங்கே ஒன்றுசேர்வதால், அந்த இடத்து நரம்பு சற்றுத் தடிமனாக இருக்கும். சந்து குறுகல், நரம்பு தடிமன் என்னும்போது பக்கவாட்டில் சிறிது நெருக்கினாலும் அதற்கு ஒதுங்க இடமில்லை. நரம்புக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முதலில் அழுந்துகின்றன, இரத்த ஓட்டம் குறைந்த நரம்பு செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறது, அதைத்தான் நீங்கள் காகிதம் ஒட்டியது போல் என்று எழுதியிருக்கிறீர்கள். அழுத்தம் நீங்கியதும் இரத்தம் திரும்புகிறது, சுருசுருவென்று எறும்பு ஊர்ந்தபடி உணர்ச்சியும் திரும்புகிறது.

இதை நீங்களே ஓரளவு உறுதிசெய்துகொள்ள முடியும். அடுத்த முறை மரத்துப் போனதும் வண்டியை நிறுத்தி, சாக்ஸைக் கழற்றி, இரண்டு விரல்களின் ஓரங்களையும் நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். ஒன்றையொன்று பார்த்திருக்கும் பக்கங்கள், அதாவது மூன்றாவது விரலின் வெளிப்புறமும் நான்காவது விரலின் உட்புறமும், மற்ற இடங்களைவிட மந்தமாக இருந்தால், நசுங்குவது அந்தச் சந்திலுள்ள நரம்புதான் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். பாதத்தின் மேற்புறம் மரத்திருந்தால் ஷூவின் நாக்கோ மேல்பட்டையோ மேலிருந்து அழுத்துகிறது என்று பொருள். உள்ளங்கால் முழுவதும் மரத்தால் கணுக்காலின் உட்பக்கத்தையும், மரமரப்பு கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாக இறங்கி வந்தால் முழங்காலையோ கீழ் முதுகையோ சந்தேகிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும் என்பதால் இதை அங்கேயே சாலையோரத்தில் பார்த்து ஒரு துண்டு அட்டையில் எழுதிவிடுங்கள்: எந்த விரல், எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம், ஏற்றமா சமதளமா. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் எல்லா விரலும் மரத்ததாகத்தான் தோன்றும்.

நடக்கும்போது இது ஏன் வருவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். நடையில் பாதம் குதிகாலிலிருந்து விரல் வரை உருள்கிறது. எடை ஓரிடத்தில் தங்குவதில்லை. ஒவ்வோர் அடிக்கும் இடையில் பாதம் காற்றில் முழுமையாக ஓய்ந்து, நரம்புக்கு இரத்தம் ஊறிவிடுகிறது. பெடலில் பாதம் உருள்வதே இல்லை. முன்பாதத்தின் அதே இடம், அதே கோணத்தில், மறுபடி மறுபடி அழுந்துகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்துக்கொண்டாலும் 40 நிமிடத்தில் 2,400 முறை. கிளீட் ஷூ வந்த பிறகு பாதம் நகரும் உரிமையையும் இழந்துவிட்டது. சாதாரணச் செருப்போடு ஓட்டிய காலத்தில் உங்களை அறியாமலேயே காலைச் சற்று முன்னும் பின்னும் மாற்றி வைத்திருப்பீர்கள். இப்போது பூட்டியது பூட்டியதுதான். கிளீட் ஷூவின் கெட்டியான அடி, அழுத்தத்தைப் பரவலாக்கத்தான் செய்யப்பட்டது. ஆனால் ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டான கிளீட் பொருந்தாத இடத்திலிருந்தால் அதே கெட்டித்தன்மை, தவறைக் கொஞ்சமும் வளைந்து கொடுக்காமல் பாதத்துக்குக் கடத்துகிறது. வீட்டுக்குள் நிலையாக நிறுத்தி ஓட்டும் டிரெய்னரில் பலருக்கு 20 நிமிடத்திலேயே மரத்துப் போவதும் இதனால்தான்: அங்கே இறக்கம் கிடையாது, எழுந்து நிற்க அவசியம் வராது, மிதிப்பு இடைவிடாது.

இனி உங்கள் பெரிய ஷூவைப் பார்ப்போம். நண்பர்கள் நல்லெண்ணத்தில் சொன்ன யோசனை அது. பாதி உண்மை என்பதால் கேட்கச் சரியாகவும் இருக்கும். முன்பாதம் நெரிபடும்போது தேவைப்படுவது அகலம். ஓர் அளவு கூட்டினால் பெருமளவு கிடைப்பதோ நீளம். ஐரோப்பிய அளவு முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 6.7 மில்லிமீட்டர், அகலமோ அதனோடு சிறிதளவே வளரும். தேவையற்ற அந்த நீளம் உங்கள் காலுக்கு இரண்டு தீங்குகளைச் செய்திருக்கிறது. குதிகால் நழுவுகிறது என்று நீங்கள் பட்டைகளை இறுக்கினீர்கள். விரல்களுக்கு மிக அருகிலுள்ள பட்டை அந்தக் குமிழ்களுக்கு நேர் மேலே குறுக்காகப் போவதால், எந்த நெருக்கத்தைத் தவிர்க்கப் பெரிய ஷூ வாங்கினீர்களோ அந்த நெருக்கத்தை உங்கள் கையாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். நழுவும் ஷூவைப் பிடித்துக்கொள்ள விரல்களும் தாமாகவே மடங்கிக் கவ்வுகின்றன. அப்படிக் கவ்வும்போது விரலின் அடிமூட்டு மேல்நோக்கி மடங்கி, அந்த நரம்பைத் தசைநார்ப் பட்டையின் விளிம்பில் இழுத்து உரசுகிறது.

இரண்டாவது தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. நீளமான ஷூவில் கிளீட்டைப் பொருத்தும் துளைகளும் குதிகாலிலிருந்து சற்றுத் தள்ளிப் போகின்றன. பழைய ஷூவில் எந்தக் கோட்டில் கிளீட் இருந்ததோ அதே கோட்டில் புதிய ஷூவிலும் பொருத்தியிருந்தால், உங்கள் பாதத்தைப் பொறுத்தவரை கிளீட் சில மில்லிமீட்டர் விரல்பக்கமாக நகர்ந்துவிட்டது. சுமை குமிழ்களின் மீதும் விரல்களின் மீதும் கூடியிருக்கும். கெண்டைக்காலும் முன்பைவிடச் சீக்கிரம் களைத்திருக்க வேண்டும். கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை, ஆனால் யோசித்துப் பாருங்கள்.

பழைய ஷூவை வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு ஜோடிகளிலிருந்தும் உள்ளே இருக்கும் இன்சோலை உருவி எடுத்து, தரையில் வைத்து, மாலை நேரத்தில் வெறுங்காலோடு அவற்றின் மீது நில்லுங்கள். மாலை என்று சொல்வதற்குக் காரணம், நாள் முழுவதும் நின்று நடந்த பாதம் காலையில் இருந்ததைவிட வீங்கியிருக்கும். வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டிய பாதமும் அப்படித்தான். முழு எடையையும் அந்தக் காலில் ஊன்றிக் குனிந்து பாருங்கள். சுண்டுவிரலுக்குப் பின்னாலிருக்கும் குமிழும் பெருவிரலுக்குப் பின்னாலிருக்கும் குமிழும் இன்சோலின் விளிம்புக்கு உள்ளே அடங்குகின்றனவா, வெளியே வழிகின்றனவா? வலது பாதம் வழிந்து இடது பாதம் அடங்கினால், ஒரு கால் மட்டும் ஏன் மரக்கிறது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. இரண்டு பாதங்களும் அச்சாக ஒரே அளவில் இருப்பவர்கள் குறைவு. பழைய இன்சோலில் நீளம் சரியாக இருந்து அகலமும் அடங்கினால், அந்த ஷூவில் தவறே இல்லாமல் இருந்திருக்கலாம், பட்டையும் கிளீட்டும் மட்டுமே தவறாக இருந்திருக்கலாம். இரண்டு இன்சோலிலும் பாதம் வழிந்தால் மட்டுமே, பிற்பாடு, அதே நீளத்தில் அகலமான வகையாகப் பார்த்து வாங்கும் பேச்சை எடுக்க வேண்டும்.

இன்சோலை வெளியே எடுத்த கையோடு ஷூவுக்குள் விரல்களை விட்டு அடியைத் தடவிப் பாருங்கள். கிளீட்டைப் பிடிக்கும் உலோகத் தகடோ போல்ட்டின் முனையோ உள்ளே மேடாகத் தட்டுப்படுவதுண்டு. ஒருவர் பல மாதங்கள் முதுகுத்தண்டில் கோளாறு என்று நம்பி என்னிடம் வந்தார். அவருடைய வலது ஷூவுக்குள் ஒரு போல்ட், தேவையைவிட நீளமானது, பயறளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. இன்சோலின் அடிப்பக்கத்தில் அதன் வட்டத் தடம் பதிந்திருந்தது. பொதுவாகவே, பாத வலிக்கென்று வருகிறவர்களில் பலர் காலை மட்டும் கொண்டுவருகிறார்கள்; ஷூவை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

சாக்ஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தடித்த சாக்ஸ் போட்டால் மெத்தென்று இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். இடமில்லாத ஷூவுக்குள் அது இடத்தை மேலும் பறிக்கும். மெல்லியதாக, விரல்களின் மேல் தடித்த தையல் இல்லாததாக இருந்தால் போதும்.

பட்டைகளில் தொடங்குங்கள், அதற்குச் செலவும் இல்லை கருவியும் வேண்டாம். அளவு பொருந்திய ஷூவை அணிந்து, குதிகாலைப் பின்னோக்கித் தரையில் இரண்டு முறை தட்டி உட்காரவைத்த பிறகு, கணுக்காலுக்கு அருகிலுள்ள மேல்பட்டையை முதலில் பிடியுங்கள். பாதத்தை ஷூவுக்குள் நிறுத்தி வைக்கும் வேலை அதனுடையது. நடுப்பட்டையை அளவாக விடுங்கள். விரல்பக்கப் பட்டை, ஷூ வாய் பிளக்காமல் மூடியிருக்கத்தான் இருக்கிறது. அது சாக்ஸைத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. போட்டு முடித்ததும் ஷூவுக்குள் ஐந்து விரல்களையும் விரித்து மடக்க முடிகிறதா என்று பாருங்கள். பாதம் சூடேறி வீங்கும் என்பதால், புறப்பட்டு 20 நிமிடங்கள் ஆனதும், மரத்துப் போகும்வரை காத்திருக்காமல், விரல்பக்கப் பட்டையை இன்னும் சற்றுத் தளர்த்திவிடுங்கள். உங்கள் 40 நிமிடக் கணக்கு இந்த ஒன்றிலேயே 60, 70 நிமிடங்களாக நீண்டால் வியப்பதற்கில்லை.

அடுத்தது கிளீட். இதைத் தொடுவதற்கு முன் மெல்லிய மார்க்கர் பேனாவால் இப்போதைய இருப்பைச் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோடு இல்லாமல் போல்ட்டைத் தளர்த்தியவர்கள், பழைய இடம் எது என்று தெரியாமல் வாரக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். பிறகு ஷூவை அணிந்தபடி, பெருவிரலுக்குப் பின்னால் உட்பக்கம் புடைத்திருக்கும் எலும்பையும், சுண்டுவிரலுக்குப் பின்னால் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பையும் ஷூவின் மேலாகவே தடவிக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் ஒரு புள்ளி வையுங்கள். உட்பக்கப் புள்ளி முன்னாலும் வெளிப்பக்கப் புள்ளி பின்னாலும் இருக்கும். குமிழ்களின் வரிசை நேர்க்கோடாக இல்லாமல் சுண்டுவிரலை நோக்கிச் சாய்ந்து பின்வாங்குவதே காரணம். பெடலின் அச்சு உட்பக்கப் புள்ளிக்கு நேராகவோ அதற்கு முன்னாலோ வந்தால், மரத்துப் போகிறவருக்கு அது அதிகம். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் அச்சு வருமாறு கிளீட்டைக் குதிகால் பக்கமாக நகர்த்துங்கள். ஒரே முயற்சியில் 5 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். அதில் நான்கைந்து முறை ஓட்டிய பிறகே அடுத்த நகர்வு. இரண்டு கால்களுக்கும் செய்யுங்கள், ஒன்றை மட்டும் நகர்த்தினால் இடுப்பு அதை விரும்பாது.

கிளீட் பின்னால் போகும்போது பெடலை எட்டும் உங்கள் காலின் நீளம் சற்றுக் குறைகிறது. ஆகவே இருக்கையையும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தாழ்த்த வேண்டும். போல்ட்டுகளுக்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதுமானது. தளர்வாக விட்டால் ஓடும்போது கிளீட் திரும்பிக்கொண்டு காலை விடுவிக்க முடியாமல் போகும் ஆபத்து உண்டு என்பதால், முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை சரிபாருங்கள். கிளீட்டின் கோணத்தையும் அப்போதே கவனிக்கலாம். மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டால் வலது பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ, கிளீட்டும் ஏறக்குறைய அதற்கு இடம் தர வேண்டும். வெளிப்பக்கம் திரும்ப விரும்பும் பாதத்தை நேராகப் பூட்டினால் அது ஷூவின் சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டு அசைவே இல்லாத கிளீட்டை நீங்கள் வைத்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள். ஷிமானோவின் சாலை சைக்கிள் கிளீட்டுகளில் சிவப்பு நிறம் அசைவற்றது, மஞ்சள் நிறம் 6 டிகிரி வரை அசைய விடுவது.

இருக்கையின் உயரம் கால்விரலோடு தொடர்புடையது என்று பலருக்குத் தோன்றுவதில்லை. இருக்கை உயரமாக இருந்தால், மிதியின் அடியில் பெடலை எட்டுவதற்காகப் பாதம் நடனக்காரரைப் போல் விரல்நுனியை நீட்டும், குதிகால் தூக்கிக்கொள்ளும், சுமை முழுவதும் விரல்பக்கம் சரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் நேராக உட்கார்ந்து, குதிகாலைப் பெடலின் மீது வைத்து மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் மிகத் தாழ்ந்த நிலைக்கு வரும்போது முழங்கால் நேராக வேண்டும், ஆனால் இடுப்பு எந்தப் பக்கமும் சாயக் கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வரை மடிப்பு மிஞ்சும். உங்களுக்கு இடது காலில் சரியாக இருந்து வலது காலில் மட்டும் குதிகால் எட்டவில்லை என்றால், இரண்டு காரணங்கள் இருக்கலாம்: வலது கால் சற்றுக் குட்டையாக இருக்கலாம், அல்லது நீங்கள் இருக்கையில் இடப்பக்கம் சாய்ந்து உட்காரும் பழக்கம் இருக்கலாம். இருக்கையின் மேல் உறை ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னாலிருந்து யாரையாவது இரண்டு நிமிடம் கைபேசியில் படம் எடுக்கச் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பெரிய கியரில் நிதானமாக மிதிப்பது என் பழக்கம் என்று நீங்கள் எழுதியதற்கு நான் அடிக்கோடிட்டு வைத்தேன். கணக்காகவே பார்க்கலாம். நீங்கள் 150 வாட் ஆற்றலைச் செலவிட்டு ஓட்டுகிறீர்கள் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், பெடலைத் தாங்கிச் சுற்றும் தண்டான கிராங்கில் சராசரியாகச் சுமார் 24 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தேவை. அதே வேகத்தை, அதே ஆற்றலில், கியரைக் குறைத்து 90 சுற்றில் மிதித்தால் 16 நியூட்டன் மீட்டர் போதும். ஒவ்வொரு மிதிப்பிலும் பாதத்தில் இறங்கும் விசை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மிதிப்புகளின் எண்ணிக்கை கூடுகிறதே என்று நீங்கள் வாதிடலாம்; நரம்பைப் பொறுத்தவரை பலமாக நசுக்கப்படுவதைவிட லேசாகப் பலமுறை தொடப்படுவது மேல், ஏனெனில் லேசான மிதிப்புகளுக்கிடையே இரத்தம் உள்ளே வர வழி இருக்கிறது. உடனே 90 சுற்றுக்குத் தாவினால் இருக்கையில் குதிப்பீர்கள். இப்போதைய பழக்கத்திலிருந்து வாரத்துக்கு ஐந்து சுற்று கூட்டினால் போதும். எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும்தான் பழைய பழக்கம் தலைகாட்டும், அட்டைக் குறிப்பில் அந்த இடங்களைக் கவனியுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடியவையும் உண்டு. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, சாலை காலியாகவும் இறக்கமாகவும் இருக்கும் இடத்தில் மிதிப்பதை நிறுத்தி, விரல்களைப் பத்து முறை விரித்து மடக்குங்கள். சில சுற்றுகளுக்கு வலது காலால் கீழே அழுத்தாமல், பெடல் மேலேறும்போது காலையும் உடன் தூக்கிவாருங்கள். ஷூவின் அடியிலிருந்து பாதம் ஒரு நூலளவு எழும்புவதை உணர்வீர்கள், அந்த நூலளவுதான் தேவை. மரத்த பிறகும் பிடிவாதமாக ஓட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். முன்பாதம் எரியும்வரை ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பல மாதங்கள் தொடர்ந்தால் நரம்பைச் சுற்றியுள்ள திசு தடித்துப்போகலாம். அப்படித் தடித்த நிலையை மருத்துவத்தில் மார்ட்டனின் நியூரோமா என்கிறார்கள். தாமஸ் மார்ட்டன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1876-இல் அதைப் பற்றி எழுதியதால் வந்த பெயர். பெயரைக் கேட்டு அது கட்டி என்று அஞ்ச வேண்டாம். கட்டியைக் குறிக்கும் விகுதி பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, உண்மையில் அது நரம்பைச் சூழ்ந்த திசுவின் தடிப்புதான்.

இன்சோலுக்கு மேல் ஒட்டும் மெட்டாடார்சல் பேடு என்ற சிறிய மேடு கிடைக்கிறது. பலர் அதை வலிக்கிற இடத்திலேயே ஒட்டி வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். குமிழ்களுக்குப் பின்னால், குதிகால் பக்கமாக, அதன் மேடு எலும்புத் தண்டுகளைத் தாங்கி, முனைகளைச் சற்று விலக்கிவைக்க வேண்டும். சரியாக ஒட்டியிருந்தால் நிற்கும்போது மேடு உள்ளங்காலின் குழிவை எட்டிப்பார்ப்பது போலிருக்கும். ஆனால் அது ஷூவுக்குள் உயரத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், பட்டை, கிளீட், இருக்கை மூன்றும் சரியான பிறகே அதைத் தேடுங்கள். இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றி மரமரப்பு நின்றுவிட்டால் மகிழ்ச்சிதான். புதிதாக முழங்கால் வலி வந்துவிட்டால் எதை மீட்பது என்று தெரியாது.

குளிர் உங்கள் சிக்கலன்று என்றாலும் ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் மட்டும், இரண்டு பாதங்களிலும் எல்லா விரல்களும் ஒருசேர மரத்து, வெளுத்தும் நீலம் பாய்ந்தும் பிறகு சிவந்தும் நிறம் மாறினால் அது இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவதால் வருவது. அதற்கு ஷூவின் காற்றுத் துளைகளை மூடுவதும், பட்டையைத் தளர்த்துவதும், மருத்துவரிடம் காட்டுவதும் தேவை.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சைக்கிளை விட்டு இறங்கி ஒரு மணி நேரமாகியும் மரமரப்பு விலகாவிட்டாலும், நடக்கும்போதும் சாதாரணச் செருப்பிலும் அது வரத் தொடங்கினாலும், அடியில் கூழாங்கல்லை மிதிப்பது போன்ற உணர்வு நிலைத்துவிட்டாலும், பாதத்தை இரு பக்கமும் சேர்த்துப் பிடித்து அழுத்தும்போது சந்தில் ‘க்ளிக்’ என்று நழுவி வலித்தாலும் எலும்பு மருத்துவரையோ பாத மருத்துவரையோ பாருங்கள். பாதத்தை மேல்நோக்கித் தூக்கப் பலம் குறைந்தாலோ, கீழ் முதுகு வலியோடு காலின் வெளிப்பக்கமாக மரமரப்பு இறங்கினாலோ தாமதம் வேண்டாம். கடுமையாக மிதிக்கும்போது ஒரு தொடையிலோ கெண்டையிலோ பலம் இழந்து, நிறுத்திய சில நிமிடங்களில் தெளிவது இரத்தக் குழாயின் அறிகுறியாக இருக்கலாம், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி குறைந்து, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால் அது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சர்க்கரைக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். 5.7 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு, 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய், இடையில் இருப்பது அதன் முன்நிலை. அதே இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் தைராய்டையும் பார்த்துவிடச் சொல்லலாம், அவை குறைந்தாலும் கால் மரக்கும். முடிவு எப்படி வந்தாலும் பட்டையும் கிளீட்டும் பற்றி மேலே சொன்னவை மாறப்போவதில்லை. சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தால் அவற்றைச் செய்வது இன்னும் அவசரமாகிறது, ஏனெனில் உணர்ச்சி மந்தமான பாதத்தில் ஷூ கடித்த புண் வலிக்காமலேயே பெரிதாகும். அப்போது ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் விரல் இடுக்குகளை வெளிச்சத்தில் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கிவிடுங்கள்.

முதல் வாரம் பட்டைகளை மட்டும் மாற்றி ஓட்டுங்கள், பழைய ஷூவின் இன்சோலில் பாதம் அடங்கினால் அந்த ஷூவிலேயே. இரண்டாம் வாரம் கிளீட்டையும் அதனோடு சேர்ந்த இருக்கை உயரத்தையும், மூன்றாம் வாரம் கியரையும் கவனியுங்கள். அட்டையில் மரத்த நிமிடத்தை மட்டும் தவறாமல் குறித்து வாருங்கள். 40 என்ற எண் மூன்று வாரத்திலும் அசையவே இல்லை என்றால் மருத்துவரிடமோ சைக்கிள் பொருத்துநரிடமோ நேரம் வாங்குங்கள். போகும்போது அந்த அட்டையையும், இரண்டு ஜோடி ஷூக்களையும், அவற்றின் இன்சோல்களோடு, கழுவாமல் எடுத்துப் போங்கள்.